ஆயுள் முழுவதற்கும் ஓர் எண்ணெயா?

— இரண்டாமாண்டு இளம் அறிவியல் (வேதியியல்) மாணவி

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது முன்னோர் கண்ட உண்மை. அச்சாணி இருந்தும் அச்சுக்கு மை இடாத வண்டி மூன்று கல் தொலைவு ஓடாது என்பது என் தாத்தா கண்ட உண்மை. அவர் மாட்டு வண்டி ஓட்டியவர். மணலூர்பேட்டையிலிருந்து திருக்கோவிலூருக்கு மூட்டை ஏற்றிப் புறப்படும் முன், வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் சக்கரத்தின் குடத்துக்குள் தடவுவாராம். "மாட்டுக்குத் தண்ணி, வண்டிக்கு மை, அப்புறந்தான் எனக்குக் கூழு" என்று அவர் சொல்வதை என் தந்தை இன்றும் நினைவு கூர்வார்.

தாத்தா ஓட்டியது மாட்டு வண்டி. அப்பா ஓட்டுவது மோட்டார் வண்டி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படிக்கட்டில் கால் வைத்த முதல் ஆள் நான். இம்மூன்று தலைமுறைகளுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. உராய்ந்து உழைக்கும் ஒரு பொருளுக்கு இட்ட எண்ணெய் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இன்றைய நிலையில் அக்கேள்வி, கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயை மாற்ற வேண்டுமா, வேண்டாவா என்ற வடிவில் வந்து நிற்கிறது.

"கார் வைத்திருப்பவர்களுக்குத்தானே அந்தக் கவலை? பேருந்துக்குக் காத்து நிற்கும் நமக்கு என்ன?" என்று தோழர்களும் தோழியரும் கேட்கக்கூடும். நம் வகுப்பறையைச் சற்றே திரும்பிப் பாருங்கள். ஓட்டுநரின் பிள்ளைகள் எத்தனை பேர்! பட்டறையில் உழைக்கும் அண்ணன்மாரை உடையவர்கள் எத்தனை பேர்! கார் நமதில்லை, உண்மைதான். ஆனால் அது கெட்டுப்போனால் பழி மட்டும் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. அப்படி வந்த ஒரு பழிதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நடந்தது என்ன?

என் தந்தை நான்காண்டுக் காலம் ஒரு மரவள்ளிக் கிழங்கு வியாபாரியிடம் கார் ஓட்டினார். வியாபாரிக்கு முழங்கால் வலி. கிளட்சு மிதிக்க முடியாது. ஆகவே, சென்னையில் ஒருவர் 60,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு விற்ற ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார். அவசரத்துக்குத் தாமே ஓட்டலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறிக் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் கிழங்கு பார்க்கப் போக வேண்டும். அந்தப் பயணங்களுக்கெல்லாம் அப்பாதான் ஓட்டுநர்.

மூன்றாம் ஆண்டில் அப்பாவுக்கு ஓர் ஐயம் தட்டியது. மேட்டில் ஏறும்போது, இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறுகையில் வண்டி ஒரு கணம் தயங்கியது. "மாடு கால் இடறுமே பாப்பா, அந்த மாதிரி இருக்கு" என்று வீட்டில் சொன்னார். முதலாளியிடமும் சொன்னார்: "ஐயா, கியர் ஆயிலை ஒரு தடவை மாத்திப் பாத்துடலாங்க." கம்பெனிப் பட்டறையில் கேட்டார்கள். "அது லைஃப்டைம் ஆயில். வண்டி இருக்கிற வரைக்கும் மாத்தவே வேணாம்" என்று விடை வந்தது. ஊர்ப் பட்டறையில் கேட்டதற்கு, "இத்தனை ஓடின பெட்டியைத் தொடாதீங்க. தொட்டா போயிடும்" என்றார்கள். இரண்டு பேரும் வேறு வேறு காரணம் சொன்னார்கள். முடிவு மட்டும் ஒன்றே. எண்ணெய் மாற்றப்படவில்லை.

மானி 1,20,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்த ஒரு நாள், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. இழுவை வண்டி வைத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்தபோது எண்ணெய் கறுத்து, கருகிய நாற்றம் வீசியதாம். பழுது பார்க்க ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். "நீ மலையில மிதிச்சு மிதிச்சு ஓட்டித்தாம்ப்பா போச்சு" என்று முதலாளி அப்பாவிடம் சொன்னார். அம்மாதச் சம்பளமும் நின்றது. அப்பா மறுமொழி பேசவில்லை. தாம் உணர்ந்ததைச் சொல்ல அவரிடம் கையும் காலும் இருந்தன. எடுத்துக் காட்ட எழுத்து இல்லை.

வண்டியை இழுத்துப் போகும் முன் முன்பெட்டியிலிருந்த தாள்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். அவற்றுள் ஆங்கிலத்தில் அச்சிட்ட உரிமையாளர் கையேடும் ஒன்று. நான்காண்டுகள் அந்தக் காருக்குள்ளேயே கிடந்த அந்நூலை ஒருவரும் பிரித்ததில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் படித்தேன். பராமரிப்பு அட்டவணையில் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்க்கு எதிரே, "சோதிக்க வேண்டா, மாற்ற வேண்டா" என்ற பொருளில் எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அக்குறியைப் பின்தொடர்ந்து சில பக்கங்கள் தள்ளிப் போனால் "கடினப் பயன்பாடு" என்ற தலைப்பு. அங்கே அதே எண்ணெயை 90,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுக என்று கண்டிருந்தது!

கடினப் பயன்பாடு என்றால் எது? அதையும் பட்டியல் போட்டிருந்தார்கள். புழுதிச் சாலை, மலைச்சாலை, கடும் வெயிலில் நெரிசலான ஓட்டம், அடிக்கடி குறுந்தொலைவுப் பயணம், வாடகைக்கு ஓட்டுதல். தோழர்களே, இது நம் மாவட்டத்தின் விவரக் குறிப்பு அல்லவா? தைத்திங்கள் 5ஆம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டைத் தென்பெண்ணைக் கரைக்கு எழுந்தருளும்போது நம் கடைத்தெருவில் வண்டிகள் எப்படி ஊர்கின்றன! பௌர்ணமி தோறும் திருவண்ணாமலைச் சாலை எப்படித் திணறுகிறது! சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டா. அந்நூல் எதைக் 'கடினம்' என்று சொல்கிறதோ, அதுவே நமக்கு அன்றாடம்.

எண்ணெய் அங்கே செய்யும் வேலை

சாதாரண கியர் பெட்டியில் எண்ணெய்க்கு முதன்மையான வேலை ஒன்றுதான்: பல்லும் பல்லும் தேயாமல் காப்பது. ஆட்டோமேட்டிக் பெட்டியில் அப்படி அன்று.

ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905-இல் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் ஒரு நீர்மத்தை வைத்து, கப்பல் எஞ்சினின் ஆற்றலை இவ்வாறு கடத்தலாம் என்று அவர் கண்டார். அதன் வழித்தோன்றலே இன்றைய கார்களில் உள்ள டார்க் கன்வர்ட்டர். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அங்கே திடமான பிணைப்பு இல்லை. எண்ணெய்தான் ஆற்றலைச் சுமக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஃபொட்டிங்கர் வழிவந்த நீர்மப் பிணைப்பை வைத்து ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கிப் பெட்டியை 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் பொருத்தி விற்றது. பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதல் ஆட்டோமேட்டிக் அதுவே.

ஆற்றலைக் கடத்துவதோடு அந்த எண்ணெயின் வேலை முடிவதில்லை. அழுத்தமாகப் பாய்ந்து கியரை மாற்றும் கையும் அதுவே. உள்ளே எண்ணெயில் தோய்ந்தபடியே பிடித்தும் விட்டும் இயங்கும் கிளட்சுத் தகடுகள் வழுக்காமலும், வெடுக்கென்று பிடிக்காமலும் இருக்குமாறு உராய்வைச் சரி அளவில் வைத்திருப்பதும் அதுவே. பிறந்த வெப்பத்தை வெளியே கொண்டு போவதும் அதுவே. இத்தனை வேலைக்கும் சேர்த்துச் செய்த கலவை என்பதால், எண்ணெயோடு பல வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த உராய்வுப் பண்புக்காகத் திமிங்கலத்திலிருந்து எடுத்த எண்ணெயைக்கூடச் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திமிங்கலத்தைக் காக்கச் சட்டம் வந்தபோது வேறு பொருள் தேட வேண்டியதாயிற்று. கடலரசனைக் கொன்று கியர் மாற்றிய காலம் ஒன்றும் இருந்தது என்று அறியும்போது நெஞ்சம் திடுக்கிடுகிறது!

நிற்க. இந்த எண்ணெய் எப்படிக் கெடுகிறது? இங்கேதான் நம் வேதியியல் பாடம் கைகொடுக்கிறது. சூடான எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. அதைத் தடுக்கச் சேர்த்த பொருள் தன்னைத் தானே பலியிட்டு எண்ணெயைக் காக்கிறது. அது தீர்ந்ததும் எண்ணெய் கறுக்கிறது, புளிக்கிறது, பிசின் படிகிறது. எண்ணெயின் தடிமனைக் காக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பற்களுக்கிடையே நசுங்கி அறுபடுகின்றன. தகடுகளின் தேய்மானத் தூள் வேறு அதில் மிதக்கிறது.

வெப்பநிலை ஏறினால் வினையின் வேகம் ஏறும் என்பதை அரீனியஸ் 1889-இல் சமன்பாடாக எழுதினார். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் இருமடங்காகும் என்பது தோராயமான கணக்கு. 80 டிகிரியில் ஓர் எண்ணெய் 1,60,000 கிலோமீட்டர் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதுவே 90 டிகிரியில் 80,000. 100 டிகிரியில் 40,000. 110 டிகிரியில் வெறும் 20,000! எண்ணெய் ஒன்றுதான், பெட்டி ஒன்றுதான். சமவெளியில் நீண்ட சாலையில் ஓடும் காருக்கும், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கல்வராயன் வளைவுகளில் ஏறும் காருக்கும் இடையே இத்தனை வேறுபாடு. அப்பாவின் காலடியில் உணரப்பட்ட அந்தத் தயக்கத்துக்கு என் பாடநூலிலேயே விளக்கம் இருந்தது. இதை அறிய எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

யாருடைய ஆயுள்?

அப்படியானால் 'லைஃப்டைம்' என்று சொன்னவர்கள் பொய்யர்களா? அவ்வாறு சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. இன்றைய செயற்கை எண்ணெய்கள் பழைய எண்ணெய்களைவிட மிகவும் மேம்பட்டவை. எண்ணெயைக் குறைவாக மாற்றினால் கழிவெண்ணெயும் குறையும். தவறான எண்ணெயைத் தவறான அளவில் ஊற்றிப் பெட்டியைக் கெடுப்பவர்களும் உண்டு. அவர்கள் கை படாமலிருப்பதே மேல் என்று தயாரிப்பாளர் நினைப்பதிலும் பொருள் இருக்கிறது.

ஆனால் 'ஆயுள்' என்ற சொல்லை யார் அளக்கிறார்கள் என்பதே என் கேள்வி. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரில் இசட்.எஃப். என்ற நிறுவனம் இருக்கிறது. செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்வதற்காக 1915-இல் தொடங்கப்பட்டது. இன்று உலகின் பல உயர்விலைக் கார்களில் அது செய்த ஆட்டோமேட்டிக் பெட்டிகளே ஓடுகின்றன. அவற்றை வாங்கிப் பொருத்தும் கார் நிறுவனங்களில் சில, எண்ணெய் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று எழுதியதுண்டு. பெட்டியைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டாண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றுமாறு சொல்கிறது. பெற்றவள் ஒன்று சொல்ல, பெண் கொண்டவன் வேறொன்று சொல்வதைப் போன்ற நிலை இது!

காரை விற்பவருக்குப் பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்ட வேண்டியிருக்கிறது. உத்தரவாதக் காலம் முடியும்வரை பெட்டி தாங்கினால் அவர் கணக்கு முடிந்தது. முதல் உரிமையாளர் ஐந்தாறு ஆண்டுகளில் காரை மாற்றிவிடுவார். அவருக்கு அந்த எண்ணெய் உண்மையிலேயே ஆயுள் முழுதும் உழைத்ததுதான். அதன் பிறகு அந்தக் கார் எங்கே போகிறது? மணலூர்பேட்டைக்கும், தியாகதுருகத்துக்கும், சங்கராபுரத்துக்கும் வருகிறது. மாநகரில் ஆயுள் முடிந்த இடத்திலிருந்துதான் நம் ஊரில் அதன் வாழ்வு தொடங்குகிறது. இரண்டாம் கையாகவும் மூன்றாம் கையாகவும் வாங்கி, கடன் கட்டி, மேலும் பத்தாண்டுகள் ஓட்ட நினைப்பவர்கள் நாம். பிறருடைய ஆயுளை அளந்த கோலால் நம் ஆயுளை அளக்கலாமா?

'தொட்டால் போய்விடும்' என்பது சரியா?

ஊர்ப் பட்டறையின் அச்சத்தையும் எள்ளி நகையாடிவிடக் கூடாது. அனுபவத்தில் பிறந்த அச்சம் அது. எண்ணெய் மாற்றிய சில நாள்களில் பெட்டி வழுக்கத் தொடங்கியதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கார்களை எந்த நிலையில் கொண்டு வந்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? பெரும்பாலும் பெட்டி தொல்லை கொடுக்கத் தொடங்கிய பிறகே எண்ணெய் நினைவுக்கு வருகிறது. இறக்கும் தறுவாயில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மருந்துதான் கொன்றது என்பது போன்ற கதை இது. தகடுகள் தேய்ந்து போன பெட்டிக்குப் புது எண்ணெய் உயிர் தராது. சில வேளைகளில் பழைய எண்ணெயில் மிதந்த தூளினால் கிடைத்துவந்த சிறு பிடிப்பும் போய்விடும். அழுத்தம் கொடுத்துக் கழுவினால் படிந்த கசடு பெயர்ந்து நுண்ணிய வழிகளை அடைத்துவிடுவதும் உண்டு.

ஆகவே அந்த அச்சத்திலிருந்து கற்க வேண்டிய பாடம், மாற்றாதே என்பது அன்று. காலம் கடத்தாதே, முரட்டுத்தனமாக மாற்றாதே என்பதே.

இங்கே என் தந்தைக்காக வழக்காடுகிறேன் என்று சிலர் எண்ணலாம். ஆம், வழக்காடுகிறேன். ஆயினும் உண்மையைத் தாண்ட மாட்டேன். எண்ணெய் மாற்றியிருந்தால் அந்தப் பெட்டி பிழைத்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய இயலாது. ஆய்வகத்தில் ஒரே ஒரு டைட்ரேஷன் அளவை வைத்து முடிவு எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா? ஒரு காரின் கதை ஒரு விதியை நிறுவாது. ஆனால் வேதியியல் சொல்வதும், பெட்டியைச் செய்தவர் சொல்வதும், கையேட்டின் நட்சத்திரக் குறி சொல்வதும், ஓட்டுநரின் கால் சொல்வதும் ஒத்துப்போகும்போது, அதைப் புறக்கணிப்பது அறிவுடைமை ஆகுமா?

செய்ய வேண்டுவன

முதலாவது, எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று அறிய வேண்டும். 2014-இல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து நம் நாட்டில் பரவிய ஏ.எம்.டி. வகை, உண்மையில் சாதாரண கியர் பெட்டியே. கிளட்சையும் கியரையும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதிலாகக் கருவிகள் இயக்குகின்றன. அதன் எண்ணெயும் சாதாரணப் பெட்டியின் எண்ணெயைப் போன்றதே. டார்க் கன்வர்ட்டர் வகைக்கு வேறு எண்ணெய். உருளையும் பட்டையும் கொண்ட சி.வி.டி. வகைக்கு வேறு எண்ணெய். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் ஊற்றினால் நன்மைக்குச் செய்தது தீமையாய் முடியும். கையேட்டில் குறித்த தரம் எதுவோ, அதையே வாங்க வேண்டும். நிறம் பார்த்து ஏமாறக் கூடாது. கசிவை அடையாளம் காண்பதற்காகச் சேர்த்த சாயம்தான் அந்தச் சிவப்பு.

இரண்டாவது, நல்ல நிலையில் உள்ள பெட்டியானால், கையேட்டின் கடினப் பயன்பாட்டுக் கணக்கைக் காத்திராமல் ஏற்றுக்கொள்ளலாம். மலையும் நெரிசலும் மிகுந்தால் அதற்கும் சற்று முன்பே மாற்றலாம். இரண்டாம் கையாக வாங்கிய காருக்குப் பழைய கணக்குத் தாள் இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கழுவி விடாமல் வடித்து நிரப்புவதே ஏற்றது. ஒரு பெட்டியில் மொத்தம் 7 லிட்டர் இருந்தால், அடித்திருகைக் கழற்றியதும் வெளிவருவது 3 லிட்டர் என்று கொள்வோம். மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். ஒருமுறை வடித்து நிரப்பினால் பழைய எண்ணெய் ஏறத்தாழ 57 விழுக்காடு எஞ்சும். இடையிடையே ஓட்டி இரண்டாம் முறை செய்தால் 33. மூன்றாம் முறை 19. பழையதை மெல்ல மெல்ல வெளியேற்றும் இம்முறையில் பெட்டிக்கு அதிர்ச்சி இல்லை, செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். வடிகட்டி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் உடன் மாற்ற வேண்டும்.

நான்காவது, அளவு. சூடேறினால் எண்ணெய் விரியும். ஆகையால் சமதளத்தில் நிறுத்தி, கையேடு சொல்லும் வெப்பநிலையில்தான் அளவு பார்க்க வேண்டும். குறைந்தாலும் கேடு, மிகுந்தால் நுரைத்து, அதுவும் கேடு.

ஐந்தாவது, வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டதையும், தென்பெண்ணைக் கரையூர்கள் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. கியர் பெட்டிக்கு மூச்சு விட ஒரு சிறு துளை உண்டு. நீரில் மூழ்கி நின்ற காரில் அத்துளை வழியே நீர் புகுந்தால் எண்ணெய் பால் கலந்தது போல் வெளுக்கும். அத்தகைய வண்டியைக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல், ஓட்டிப் பார்க்கவும் முனையாமல், எண்ணெயைச் சோதிக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ ஆற்றிலோ கொட்டுவது பாவம். கழிவெண்ணெய் எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் அதைச் சேர்ப்பிக்கச் சொல்ல வேண்டும். ஒரு காரைக் காக்கப் பெண்ணையாற்றைக் கெடுப்பதா?

ஆயிரம் ரூபாய்க் கணக்கில் முடியும் ஒரு வேலை, லட்ச ரூபாய்ச் செலவைத் தடுக்கக்கூடும் என்றால், எது சிக்கனம் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

படித்தவர் கடமை

கையேட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வியாபாரியின் வீட்டுக்குப் போனேன். அப்பா தடுத்தார், "வேணாம் பாப்பா, விட்டுடு" என்றார். நான் கேட்கவில்லை. நட்சத்திரக் குறியையும், அது காட்டிய பக்கத்தையும் அவரிடம் விரித்துக் காட்டித் தமிழில் படித்துச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் நெடுநேரம் பார்த்தார். "இதை அப்பவே யாரும் சொல்லலியேம்மா" என்றார். "அப்பா சொன்னாருங்க ஐயா" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் நிறுத்தி வைத்த சம்பளம் ஓர் உறையில் வீடு வந்து சேர்ந்தது. அப்பா அந்த வேலைக்குத் திரும்பவில்லை. இப்போது சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். ஆனால் அன்று இரவு அந்த உறையைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, "அந்தப் புஸ்தகத்துல இன்னும் என்னென்ன போட்டிருக்கான்? படி, கேப்போம்" என்று என் அருகே வந்து உட்கார்ந்தார். இரவு பதினொரு மணிவரை படித்தோம். டயரில் காற்று எவ்வளவு என்ற பக்கத்தில், "இது எனக்குத் தெரியும்" என்று சிரித்தார்.

அந்த இரவில்தான் கல்லூரிக்கு வந்ததன் பயனை உணர்ந்தேன். பட்டம் பெறுவது, வேலைக்குப் போவது, குடும்பத்தைக் கரையேற்றுவது எல்லாம் வேண்டியவையே. ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. நம் பெற்றோர் கையால் அறிந்ததற்கும் நூல்கள் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பதற்கும் நடுவே பாலமாக நிற்க வேண்டியவர்கள் நாமே. நம் வீட்டில் கிடக்கும் உரச் சாக்கின் எழுத்து, மருந்துச் சீட்டின் எழுத்து, கடன் பத்திரத்தின் எழுத்து — ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு சின்ன நட்சத்திரக் குறி ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் படித்துச் சொல்ல நம்மைவிட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

தாத்தா தம் வண்டிக்கு ஆயுள் முழுவதற்குமான மை என்று ஒன்றை நம்பியதில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு குனிந்து பார்த்தார்; தொட்டுப் பார்த்தார்; காய்ந்திருந்தால் புதிது இட்டார். உழைக்கும் பொருள் எதுவாயினும் அதற்குரியதைக் காலத்தில் கொடுக்க வேண்டும். வண்டிக்கும் அதுவே நீதி. வண்டியை ஓட்டும் மனிதனுக்கும் அதுவே நீதி. எண்ணெயை மாற்றுங்கள். அதற்கு முன், மாற்றச் சொல்லும் ஓட்டுநரின் சொல்லுக்குச் செவி கொடுங்கள்!